எண் தாங்கிய பொத்தான்

இங்கிலாந்தின் உழுத வயல்களில் உலோகங்காணும் கருவியுடன் திரிவோர்க்குக் கிட்டும் பொருள்களுள், பழைய ராணுவப் பொத்தானைப் போலத் தன் பூர்வ சரித்திரத்தைத் தானே எடுத்துரைப்பது மிக அரிது என்பது என் அபிப்பிராயம். 1767-ல் பிறந்த அரச ஆக்ஞையின்படி காலாட்படைப் பிரிவுகள் தத்தம் எண்ணைப் பொத்தானில் பொறிக்கலாயின. சாதாரணச் சிப்பாயின் பொத்தான் 1855 வரை வெள்ளீயக் கலவையாகவும், பின்னர்ப் பித்தளையாகவும் இருந்து, 1871-ல் எண்ணும் நீங்கி அரச சின்னத்துக்கு இடங்கொடுத்தது. ஆகவே, 44 என்ற எண் மங்கலாகத் துலங்கும் வெள்ளீயப் பொத்தானொன்று கைக்கு வருமாயின், 1842-ல் ஆப்கானிஸ்தானத்துக் கண்டமக் குன்றில் கடைசிவரை நின்று மடிந்த அதே படையின் சிப்பாய் எவனோ ஒருவனின் அங்கியில் அது ஒரு காலத்தில் தைக்கப்பட்டிருந்தது என நாம் அனுமானிக்கலாம். பித்தளைப் பொத்தானாயின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

சுத்தம் செய்வதிலோ பொறுமையே பிரதானம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் போலப் புளியிட்டுத் தேய்த்தால், அதிகாரியின் பொத்தானில் எஞ்சியுள்ள மெல்லிய தங்க முலாம் களிம்போடு சேர்ந்து போய்விடும்; போனது மீளாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, இளகிய மண்ணை மூங்கில் குச்சியின் நுனியால் எழுத்தோரமாக மெல்ல நீக்கி, நிழலில் உலர்த்துவதே போதுமானது.