விசையைத் தொடாமலே வெடிக்கும் தோட்டா

அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் மைதானங்களில், சுட்டு முடித்தவர்கள் குனிந்து தரையில் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவதைப் பார்க்கலாம். கொஞ்சம் சிக்கனம், கொஞ்சம் பித்து. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கிவிடுவார்கள். ‘ரீலோடிங்’ என்று பெயர். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அமெரிக்க மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. தொழிலாகச் செய்து விற்க இறங்கினால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும்.

இந்த வேலையில் எல்லோரும் மருந்தின் அளவைப் பற்றியே கவலைப்படுவார்கள். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தோட்டா செய்பவர், கூட்டின் அடியில் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும் பிரைமருக்கும் அதே அளவு அஞ்ச வேண்டும். மருந்து எரிவதற்குத் தீ வேண்டும். பிரைமருக்கு ஓர் அடி போதும். அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது.

ஏஆர்-15 போன்ற ரைஃபிள்களில், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னால் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. எம்1 காரண்ட், பிற்கால எஸ்கேஎஸ் ஆகியவற்றிலும் அப்படியே. பின் தன் குழிக்குள் தாராளமாக ஆடும். அந்தப் பின்னைத் தாங்கிய போல்ட் பாய்ந்து வந்து தோட்டாவை அறைக்குள் தள்ளிச் சட்டென நிற்கும்போது, பின் மட்டும் நிற்காமல் முன்னால் போய்ப் பிரைமரை லேசாகத் தட்டும். ஓடும் பேருந்தில் ஓட்டுநர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வதைப் போலத்தான். ஏஆர்-15இல் ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். பிரைமரின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் தெரியும். வழக்கமாக அதோடு சரி. அந்தத் தட்டே போதுமானதாகிவிட்டால், விசையில் விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கும். இதைத்தான் ‘ஸ்லாம் ஃபயர்’ என்கிறார்கள். போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்பே இது நடந்துவிட்டால் இன்னும் மோசம்: அழுத்தம் முன்னால் போகாமல் சுடுபவரின் முகத்துக்கு நேரே திரும்பும். கூடு கிழியும், துப்பாக்கியே உடையும்.

அந்தத் தட்டு போதுமானதாகிவிடுவதற்கான காரணங்களில் பல, துப்பாக்கியில் இல்லை. நம் மேசையில் இருக்கின்றன. முதலாவது, சரியாக உட்காராமல் துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர். அது கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும், அங்குலத்தில் 0.003 முதல் 0.005 வரை என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. அளவுகோல் வேண்டாம், ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டினாலே தெரிந்துவிடும். விரல் இடறினால் அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து வையுங்கள். அதை அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மருந்து நிரப்பிய கூட்டில் பிரைமரை அமுக்குவது கையில் வெடியை வைத்துக்கொண்டு தட்டிப் பார்ப்பதற்குச் சமம். ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியின் விளிம்பு உள்நோக்கி மடித்திருக்கும். அந்த மடிப்பை நீக்காமல் புதிய பிரைமரைத் திணித்தால் அது நசுங்கும் அல்லது வெளியே நிற்கும்.

அடுத்தது பிரைமரின் தேர்வு. சிசிஐ நிறுவனம் இதற்கென்றே 34, 41 என்ற எண்களில், ராணுவத் தோட்டாக்களின் தரத்தை ஒட்டி, எளிதில் தட்டுக்கு இடம் கொடுக்காத பிரைமர்களை விற்கிறது. 34 பெரியது, 41 சிறியது. துல்லியப் போட்டிக்கான மென்மையான பிரைமர் நல்லதுதான், ஆனால் அதன் இடம், போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி. மேகசின் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை நேராக அறைக்குள் போட்டு போல்ட்டை விடுவதும் வேண்டாத பழக்கம். மேகசினிலிருந்து தோட்டாவை உருவும் உராய்வு இல்லாததால் போல்ட் முழு வேகத்தில் வந்து மோதும்.

சேமிப்புக்கு வருவோம். ஆலைப் பெட்டியில் ஒவ்வொரு பிரைமரும் தனித்தனிக் குழியில் இருப்பது அழகுக்கு அல்ல. ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் பரவாமல் இருக்க. இடம் மிச்சம் என்று கண்ணாடி ஜாடியில் கொட்டிவைப்பவர் ஒரு வெடிகுண்டைச் செய்து அலமாரியில் வைத்திருக்கிறார். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி வீட்டில் 10,000 பிரைமர்கள் வரை வைக்கலாம். உள்ளூர்ச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமர் பொருத்த வேண்டாம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு என்பதால், பழைய கூடுகளைக் கழுவும் இடத்தில் சாப்பாடும் குழந்தைகளும் கூடாது.

விபத்து நடந்தபின் யாரிடம் போவது? இங்கேதான் ஏமாற்றம். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மையைத் திரும்பப் பெறச் சொல்லலாம். தோட்டாவைத் தொட முடியாது. 1976இல் அந்நாட்டு நாடாளுமன்றமே அந்தக் கதவை மூடிவிட்டது. துப்பாக்கி நிறுவனங்களுக்குப் பெரும் கவசம் தரும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் வழக்குத் தொடர வழிவிட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் செய்த தோட்டாவைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று பல துப்பாக்கிகளின் கையேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். தோட்டாவைச் செய்தவர் நீங்கள். குறை பிரைமரில் என்று நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள். ஆகவே பிரைமர் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ள தொகுதி எண், செய்த தேதி, மருந்தின் அளவு எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். உடைந்த துப்பாக்கியையும் கிழிந்த கூட்டையும் படமெடுத்து, உற்பத்தியாளருக்கு அனுப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அனுப்பிய சான்று திரும்பி வரும் என்பது உறுதியில்லை.

அமெரிக்காவில் சுடப் பழகிவிட்டு ஊருக்கு வரும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரைமரை விமானத்தில், எந்தப் பெட்டியிலும், கொண்டுவர முடியாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டாவின் பாகங்களும் தோட்டாவே. சென்னை விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒரு தோட்டா அகப்பட்டாலும் வழக்குப் பதிவாகலாம். பையில் அது கிடந்தது தெரியாது என்பது நியாயமான வாதம்தான்: தெரிந்து வைத்திருந்ததே ‘வைத்திருத்தல்’ என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியதை வைத்து, இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. அதுவரை வழக்கறிஞர் கட்டணமும் தவறவிட்ட விமானமும் உங்கள் கணக்கு. மைதானத்துக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்கு எடுத்துவராதீர்கள். வேறு வழியில்லை என்றால் பக்கவாட்டு ஜிப்பையும் அடித்துணியையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் துணி அடுக்குங்கள்.