பியூஸ் போகட்டும், வண்டி பிழைக்கட்டும்!

மோட்டார் சைக்கிளில் கூடுதல் விளக்கு மாட்டுவோர் கவனிக்க வேண்டியவை

பெரியதாழை போன்ற கடற்கரை ஊர்களில் பொழுது விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பி விடும். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி இருக்கும். நேரத்துக்குச் சந்தை போய்ச் சேர்ந்தால்தான் மீனுக்கு விலை.

வழியில் இருட்டு. ஆகவே முன்பக்கம் இரண்டு கூடுதல் விளக்கு. செல்போனுக்கு ஒரு சார்ஜர். போதாதென்று பெரிய ஆரன்!

இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முன்விளக்கு ஒயரைச் சுரண்டி, அதில் முறுக்கி விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

உப்புக்காற்றின் வேலை

செம்புக் கம்பியின் முதல் எதிரி உப்புக்காற்று. முறுக்கிய இடத்தில் களிம்பு ஏறும். இணைப்பு தளரும். சூடு பிறக்கும். ஒயரின் மேல்தோல் உருகி, கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டால் வண்டியின் பியூஸ் போய் விடும். கூடுதல் விளக்கில் கோளாறு, அணைவதோ முன்விளக்கு! தேரிக்காட்டுச் சாலையில், நள்ளிரவில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

சிலர் போன பியூசுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி விடுகிறார்கள். இது அதைவிடக் கொடுமை. அடுத்த முறை பியூஸ் எரியாது, ஒயர் எரியும். பெட்ரோல் டாங்கிக்குக் கீழேதான் அந்த ஒயர் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

தனிப் பெட்டி எதற்கு?

இதற்கு வழி, தனி பியூஸ் பெட்டி. பாட்டரியில் இருந்து நேராக ஒரு தடித்த ஒயர் இந்தப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து விளக்குக்கு ஒரு பியூஸ், சார்ஜருக்கு ஒரு பியூஸ், ஆரனுக்கு ஒரு பியூஸ் என்று பிரியும். ஒன்று போனால் அது மட்டும் நிற்கும். வண்டி ஓடும், முன்விளக்கும் எரியும்.

எடிசன் 1890-ம் ஆண்டில் பியூசுக்குக் காப்புரிமை பெற்றார். பலவீனமான ஒரு கம்பி தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் என்ற அந்தத் தத்துவம் இன்றும் மாறவில்லை.

கணக்குப் போடுங்கள்

பெட்டி வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும்.

20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். அதை 12-ல் வகுத்தால் சுமார் 3.3 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். சார்ஜருக்கு ஒன்றரை ஆம்பியர் என்றால் 3 ஆம்பியர் பியூஸ். ஆரன் ஜோடி 8 ஆம்பியர் இழுத்தால் 15 ஆம்பியர் பியூஸ். மொத்தம் சுமார் 13 ஆம்பியர். பாட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியரில் ஒரு தாய் பியூஸ் அவசியம். அங்கிருந்து பெட்டி வரை 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் கவலை இல்லை.

பியூசின் முதல் வேலை ஒயரைக் காப்பது. 15 ஆம்பியர் பியூசுக்குப் பின்னால் நூல் போன்ற ஒயரைப் போட்டால் பியூஸ் இருந்தும் பயன் இல்லை.

தகடு பியூசுக்கு நிறமே அடையாளம்: 3 ஊதா, 5 வெளிர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

எந்தப் பெட்டி நல்லது?

சாவியை எடுத்ததும் மின்சாரம் நிற்கும்படி ரிலே உள்ள பெட்டியே சிறந்தது. இல்லையேல் அணைக்க மறந்த விளக்கு ஓர் இரவில் பாட்டரியைக் காலி செய்து விடும். காலையில் வண்டி கிளம்பாது, மீனும் கிளம்பாது!

கடற்கரைக்காரர்கள் தண்ணீர் புகாத மூடி உள்ளதாக, வெள்ளீயம் பூசிய முனைகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றிரண்டு பியூஸ் இடம் காலியாக இருந்தால் பின்னால் உதவும். இருக்கைக்கு அடியில், கை எட்டும் இடத்தில் பொருத்துவது நல்லது. மாற்று பியூஸ்களும் உடன் இருக்கட்டும்.

அளவுக்கு மிஞ்சினால்...

திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்புக்காக என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-ல் தொடங்கியது. அந்தக் காலத்து புல்லட்டுக்கு 6 வோல்ட் பாட்டரிதான். இன்று 12 வோல்ட். ஆனாலும் வண்டி உண்டாக்கும் மின்சாரத்துக்கு எல்லை உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அதற்குப் போக மிஞ்சியதுதான் மற்றவற்றுக்கு. பியூஸ் பெட்டி மின்சாரத்தைப் பங்கிடும், பெருக்காது.

எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கும், பல ராகம் பாடும் ஆரனும் வேண்டவே வேண்டாம். பல ராக ஆரனுக்குச் சட்டமே தடை விதித்து இருக்கிறது.

ஒரு பியூசின் விலை சில ரூபாய். அது எரிந்தால் வருத்தப்பட வேண்டாம். எரிய வேண்டிய நேரத்தில் அது எரிந்ததால்தான் வண்டியும், வண்டியில் சென்றவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்!