பீரோ கண்ணாடி அதிராம ஒரு ஹோம் தியேட்டர்!

டூ-இன்-ஒன் வாங்கின தலைமுறைக்கு ஒரு மந்திரச் சொல் ஞாபகம் இருக்கும். பி.எம்.பி.ஓ.! உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். பெட்டியின் நெற்றியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்... '2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' ஆனால் சுவரில் செருகும் பிளக்கோ 5 ஆம்பியர்தான். 230 வோல்ட்டை 5-ஆல் பெருக்கினால் 1150 வாட்ஸ்தான் வரும். மிச்ச 850 வாட்ஸை அந்தப் பெட்டி எங்கேருந்து கொண்டு வந்தது? மேட்டூரிலிருந்து தனியாக லைன் இழுத்திருப்பார்களோ என்னவோ!

கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிடும் ஒரு உச்சத்தைக் கணக்குப் போட்டு, அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாக்கினால் கிடைப்பது பி.எம்.பி.ஓ. அந்த ஸ்டிக்கர் செத்துப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வேறு சட்டை போட்டுக்கொண்டு இன்னமும் ஷோரூம்களில் உலாத்திக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது '150 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே எறும்பு எழுத்தில் 'ஒரு சேனல், 6 ஓம், 10 சதவிகித டிஸ்டார்ஷன்' என்று போடுகிறார்கள். அர்த்தம் என்னவென்றால், மற்ற ஸ்பீக்கர்களையெல்லாம் மூடிவிட்டு, ஒன்றை மட்டும் தொண்டை கிழியக் கத்தவிட்டு அளந்தது! நீங்கள் பார்க்க வேண்டிய வரி வேறு. '8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது' என்று ஒரு எண் இருக்கும். அது பாதியாகத்தான் இருக்கும். ஆனால் நிஜமாக இருக்கும்.

நான் இருப்பது பொம்மிடியில். மொரப்பூர் தாண்டி சேலம் போகிற ரயில் பாதையில், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஊர். கூட்ஸ் வண்டி போனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடுகளில் அலமாரி டம்ளர்கள் கிணுகிணுக்கும். சப்-வூஃபர் எங்களுக்கு ஓசி! இங்கிருந்து தினம் சேலத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். கூட வரும் கிளார்க் தம்பி ஒருவர், ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே... ரெண்டு லட்ச ரூபா சீட்டு எடுத்திருக்கேன். ஹை-எண்ட் ஸ்பீக்கர் வாங்கலாம்னு. ஆளுயர டவர், ஒரு ஜோடி. உங்களுக்குத்தான் இதுல கொஞ்சம் தெரியுமே..."

"யாரு கேக்கறதுக்கு?"

"அப்பாவுக்குண்ணே."

விஷயம் இதுதான். பெரியவர் அந்தக் காலத்தில் டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து, ஒரு படம் விடாமல் பார்த்தவர். வசனப் பிரியர். இப்போது இரண்டு வருஷமாக டி.வி.யில் படம் போட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறாராம். கேட்டால், "சத்தம் கேக்குது... பேச்சு புரியல" என்று ஒரே வரி. மகனுக்கு அது பொறுக்கவில்லை. மருமகளுக்கோ அந்த இரண்டு லட்சத்தில் ஒழுகுகிற சமையல்கட்டை இடித்துக் கட்ட வேண்டும். வீட்டில் பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த லட்சணத்தில் நான் 'இதை வாங்கு' என்று கையைக் காட்டி, அப்பாவுக்கும் புரியாமல் போய், சமையல்கட்டும் ஒழுகினால்? அந்தம்மா கையால் ஒரு காபி கிடைக்குமா எனக்கு?

அதனால் முதலில் சொன்னது ஸ்பீக்கர் பேரே இல்லை. "பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போய் காது டெஸ்ட் பண்ணுங்க!"

வயதானால் காது மொத்தமாகக் குறைவதில்லை சார். மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். 'ஆ', 'ஊ' என்ற உயிர் ஓசைகள் தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கின்றன; அவை நன்றாகவே கேட்கும். 'ச', 'ஸ', 'த', 'க' மாதிரி ஒலிகளை அடையாளம் காட்டும் சங்கதி 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது போனால் யாரோ பேசுவது தெரியும்; என்ன பேசுகிறார் என்பது தெரியாது. 'பேச்சு புரியல' என்று பெரியவர் சொன்னது டாக்டர் எழுத வேண்டிய ரிப்போர்ட்! இதற்கு மகன் என்ன செய்கிறார்? டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். கூடவே பின்னணி இசையும் 'டம் டம்' பேஸும் கூடி, மிச்சமிருக்கும் 'ச'வையும் 'த'வையும் அமுக்குகின்றன. ஆளுயர டவர் வாங்கி இன்னும் கொஞ்சம் பேஸ் சேர்த்தால் பெரியவர் திண்ணையிலிருந்து தெருவுக்கே போய்விடுவார்.

இங்கேதான் ஹோம் தியேட்டர் விளம்பரங்களில் யாரும் ஹீரோவாக்காத ஒருவர் வருகிறார். சென்டர் ஸ்பீக்கர்!

தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. இடம், வலம், பின்பக்கம் எல்லாம் இசைக்கும் மழைக்கும் ஹெலிகாப்டருக்கும். 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலையும், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ்.ஸையும் கொண்டுவந்தன. நம்மவர்களும் சளைக்கவில்லை. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸில். 2012-ல் 'சிவாஜி' 3டி ஆனபோது அட்மாஸும் சேர்ந்து, தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வந்துவிட்டது. எத்தனை வந்தாலும் ஹீரோ பேசுவது நடுவிலிருந்துதான். 5.1 என்பதில் அந்த 5-ல் ஒன்றுதான் சென்டர். பெரியவருக்குத் தேவையானது கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒன்றில் இருக்கிறது. தனி சென்டர் இருந்தால் ரிசீவரில் அதை மட்டும் 3 டெசிபல் ஏற்றிவிடலாம். இசை இருந்த இடத்தில் இருக்கும், வசனம் முன்னால் வரும். ஜோடி டவரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தையைச் செய்ய முடியாது.

"அப்போ டவர் வேணாமாண்ணே?" தம்பி முகத்தில் ஈ ஆடவில்லை.

வேண்டாம் என்றில்லை. டவரின் உயரமும் பெரிய வூஃபர்களும் எதற்கு? பேஸுக்கு. சப்-வூஃபர் தனியாக வைத்துவிட்டால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். அந்தத் தாழ்ந்த ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் அதை ஒரு மூலையில் ஒதுக்கலாம். பிறகு முன்னால் நிற்பவர்களுக்கு ஆளுயரம் எதற்கு? நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் மூன்றை, ஒரே கம்பெனி, ஒரே வரிசையில், இடம், நடு, வலம் என்று வைத்தால் 14 அடி ஹாலுக்குத் தாராளம். ஒரே வரிசை என்பது முக்கியம். இல்லாவிட்டால் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் மட்டும் லாரியாக மாறிவிடும்!

அடுத்து ஒரு எண். ஸ்பீக்கரின் பின்பக்கமோ கேட்டலாக்கிலோ '86 டெசிபல்', '92 டெசிபல்' என்று போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தது. சென்ஸிடிவிட்டி என்பார்கள். பவரை இரண்டு மடங்காக்கினால்தான் 3 டெசிபல் ஏறும். ஆக 86-க்கும் 92-க்கும் நடுவில் உள்ள 6 டெசிபல் என்பது நான்கு மடங்கு பவர். 92-காரர் 25 வாட்ஸில் முடிப்பதை முடிக்க 86-காரருக்கு 100 வாட்ஸ் வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபையருக்குக் கொட்டும் காசை இந்த ஒரு எண்ணைப் பார்த்து மிச்சம் பிடிக்கலாம்.

இந்தக் கணக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. மாரியம்மன் திருவிழாவில் மைக்செட்காரர் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். கையடக்க ஆம்ப்ளிஃபையர், அடுத்த ஊர் வரை பாட்டு! 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்சினீயர்கள் காட்டிய காகிதக் கூம்பு முறையில்தான் இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன. அதில் கொடுக்கிற மின்சாரத்தில் சுமார் ஒரு சதவிகிதம்தான் சத்தமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. வாயில் ஒரு குழாயைப் பொருத்தினால் அந்தக் கணக்கு பல மடங்கு ஏறும். பால் கிளிப்ஷ் என்பவர் 1946-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி இந்தக் குழாய்த் தத்துவத்தில்தான் பேர் வாங்கியது. நம்ம மைக்செட்காரருக்கு யாரும் பேர் வாங்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனோம். ஷோரூம் பேர் வேண்டாம். ஏ.ஸி. ரூம், சோபா, காபி. விற்பனைப் பையன் போட்டது என்ன தெரியுமா? குண்டு வெடிக்கிற ஸீன். எல்லா ஸ்பீக்கரிலும் குண்டு நன்றாகத்தான் வெடிக்கும்! அதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? நாங்கள் பெரியவர் நூறு தடவை பார்த்த ஒரு பழைய படத்தையும், மழை பெய்யும்போது இரண்டு பேர் குசுகுசுவென்று பேசும் ஒரு புதுப் படத்தையும் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். மழையில் குசுகுசுப்பு புரிந்தால் பாஸ்.

அப்போது ஒரு வேடிக்கை. பையன் விலை கூடிய ஜோடிக்கு மாற்றும்போதெல்லாம் ரிமோட்டில் கட்டை விரல் லேசாக அசைந்தது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் காது அதை 'சத்தம் ஜாஸ்தி' என்று சொல்லாது, 'தரம் ஜாஸ்தி' என்று சொல்லும்! வியாபாரத்தில் இது பழைய வித்தை. போனில் டெசிபல் பார்க்கும் ஆப் இருக்கிறதே, அதை நாற்காலி கையில் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அளவைச் சமப்படுத்தினதும் பெரியவர் கை காட்டியது நடு விலை ஸ்பீக்கரை. "இதுல அவ பேசறது புரியுது தம்பி" என்றார். மகன் டவரையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

ஆனால் ஸ்பீக்கர் பாதிதான். மீதி பாதி நம் ஹால். அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

தம்பி வீடு மெத்தை வீடு. ஹால் 14-க்கு 14 அடி, சுத்த சதுரம். வாஸ்துவுக்கு எப்படியோ, சத்தத்துக்கு இது ஆகாது. இரண்டு சுவருக்கு நடுவே 14 அடி என்றால் 40 ஹெர்ட்ஸ் ஓசை அங்கே மாட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். முதல் நாள் சப்-வூஃபரைப் போட்டதும் பீரோ கண்ணாடி 'கிர்ர்ர்' என்றது. பரண் மேல் கவிழ்த்து வைத்த பித்தளை அண்டா தனியாக ஒரு ராகம் பாடியது. மருமகள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு டெசிபல் கிடையாது!

வழி இருக்கிறது. சப்-வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட வேண்டும். பிறகு சுவரோரமாகக் குழந்தை மாதிரி தவழ வேண்டும். எந்த இடத்தில் பேஸ் குழம்பாமல் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்-வூஃபருக்கு வீடு. நாங்கள் இரண்டு பேரும் தவழ்வதைப் பார்த்துப் பெரியவர், "என்னத்தடா தொலைச்சீங்க?" என்றார். கூடவே, அவர் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தோம். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் குவிந்து வசனத்தைத் தின்றுவிடும். இந்த மூன்றடிக்குச் செலவு பூஜ்யம், பலன் பல ஆயிரம்.

டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், மொட்டை ஹால். கைதட்டினால் 'டங்' என்று திரும்பி வந்தது. பவானி ஜமக்காளத்தை டி.வி.க்கும் நாற்காலிக்கும் நடுவில் விரித்தோம். அது மெல்லிசு, மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டதும், பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்ததும்தான் நிஜமாக வேலை செய்தது. பைண்டு பண்ணின தொடர்கதைகள் அடுக்கிய ஷெல்ஃப் இருந்தால் அதையும் ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். படிக்காவிட்டாலும் எதிரொலியைச் சிதறடிக்கும்!

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மீட்டர் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயரை வாங்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று நுனியைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். செகண்ட் ஹாண்டில் வாங்கினால் கூம்பின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பழைய ஃபோம் விளிம்பாக இருந்தால் பத்துப் பதினைந்து வருஷத்தில் விரலில் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு நீடிக்கும். சென்டர் ஸ்பீக்கரை டி.வி.க்குக் கீழே வைக்கும்போது முகத்தை நம் காதை நோக்கி நிமிர்த்துங்கள். அது முழங்காலுடன் பேசிக்கொண்டிருந்தால் யாருக்குப் பிரயோஜனம்?

அப்புறம், பக்கத்து வீடு. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. உங்கள் காதுக்கும் ஒரு எல்லை உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 88-ல் நான்கு மணி நேரம்தான் தாங்கும். இளவட்டங்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம். பெரியவர் இப்போது இழந்தது எழுபதில். ராத்திரிக்கு ரிசீவரில் 'நைட் மோட்' இருக்கிறது. வெடியை அடக்கி, குசுகுசுப்பை ஏற்றிக் கொடுக்கும்.

கடைசியில் வாங்கினது மூன்று புக்‌ஷெல்ஃப், ஒரு சப்-வூஃபர், நடுத்தர ரிசீவர். பின்பக்க ஸ்பீக்கர்கள் அடுத்த சீட்டில். இரண்டு லட்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. மிச்சம் மருமகள் கைக்குப் போனது. சமையல்கட்டு முழுசாக இல்லை, ஒழுகுகிற மேற்கூரைக்கு மட்டும் ஆள் வந்தாயிற்று. சேலத்தில் காது டாக்டர் ஒரு காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். பெரியவர் அதைப் படம் பார்க்கும்போது மட்டும்தான் மாட்டிக்கொள்கிறார். மற்ற நேரம் டப்பாவில். "உங்க பேச்சையெல்லாம் எதுக்குக் கேக்கணும்?" என்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். காபி கிடைத்தது! புதுப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கடைசி வரை எழுந்திருக்காமல் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி... ஒவ்வொரு வார்த்தையும் நல்லா புரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. இந்த வசனத்தைக் கேக்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணீங்க?"