மஞ்சளாகும் கள்ளிச் செடி

கள்ளிச் செடிக்கு இலை இல்லை. அதன் இலைகள்தான் முள்ளாக மாறிவிட்டன. மற்றச் செடிகளுக்கு இலை செய்யும் வேலையை இதற்குத் தண்டு செய்கிறது. வெயிலை வாங்கிச் செடிக்குச் சோறு சமைப்பது இந்தப் பச்சைத் தண்டுதான். வேப்பமரத்தில் ஓர் இலை பழுத்து விழுந்தால் நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் கள்ளித் தண்டு மஞ்சளானால் சும்மா இருக்கக் கூடாது. அடுப்படியே கெடுகிறது என்று பொருள்.

தங்கவயலில் பல லைன் வீடுகளின் வாசலில் கள்ளித் தொட்டியைப் பார்க்கலாம். தொட்டி என்றால் மண் தொட்டி மட்டுமா? பெயிண்ட் டப்பா, உடைந்த பக்கெட், பழைய குண்டான் எல்லாம் தொட்டிதான். 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நிறையப் பேர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தினமும் தண்ணீர் கேட்காத செடிதான் தோது.

செடி மஞ்சளானதும் நாம் என்ன நினைக்கிறோம்? "பாவம், தண்ணீர் இல்லை" என்று நினைக்கிறோம். ஒரு சொம்பு ஊற்றுகிறோம். மறுநாளும் மஞ்சளாகவே இருக்கிறது. இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். கள்ளியைச் சாகடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சொம்புதான்.

தண்ணீர் போதாத கள்ளி முதலில் சுருங்கும். தோல் மடிந்து, வற்றல் போல ஆகும். தொட்டால் வறண்டிருக்கும். தண்ணீர் அதிகமான கள்ளி அப்படி இருக்காது. அடியிலிருந்து மஞ்சளாகி மேலே ஏறும். விரலால் அழுத்தினால் பழுத்த வாழைப்பழம் போல அமுங்கும். சில சமயம் கெட்ட வாடை வரும். வேர் அழுகிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் தண்ணீரே நின்றால் காற்றுக்கு இடம் இல்லை. வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சணம் பிடிக்கும். அது தண்டுக்குள் ஏறும்.

எங்கள் லைனில் ஒரு அக்கா வீட்டில் இப்படித்தான் நடந்தது. அது அவருடைய மாமனார் வைத்த செடி. அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். இப்போது உயிருடன் இல்லை. அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்தச் செடி மேல் பிரியம். அக்கா காலையில் தண்ணீர் ஊற்றுவார். மகன் பள்ளி விட்டு வந்து ஊற்றுவான். அண்ணன் ரயிலில் இருந்து இறங்கி வந்து, செடி வாடியிருக்கிறதே என்று அவரும் ஊற்றுவார். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. செடி இருந்தது ஒரு டால்டா டப்பாவில். அடியில் ஓட்டை கிடையாது.

டப்பாவைக் கவிழ்த்தோம். மண் சேறாக வந்தது. வேர் கறுத்து, இழுத்தால் கையோடு வந்தது. சுத்தமான கத்தியால் தண்டை அடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனோம். வெட்டிய இடத்தில் நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தது. பழுப்பு தெரிகிற வரை அழுகல் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தோம். மேலே ஒரு சாண் நீளம்தான் முழுப் பச்சையாகக் கிடைத்தது. வெட்டு வாயில் அடுப்புக் கரித்தூளைத் தடவி, நிழலில் வைத்தோம். பத்து நாளில் வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டியது. அதன் பிறகே காய்ந்த மண்ணில் நட்டோம். மேலும் ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. மகன் பொறுமை இழந்துவிட்டான். ஆறு வாரம் கழித்து லேசாக அசைத்துப் பார்த்தோம். அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு இது முக்கியம். சிலர் தொட்டிக்கு சயனைட் மேட்டு மண்ணை எடுக்கிறார்கள். பார்க்க மணல் போல இருக்கிறது, காசும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. அது மணல் அல்ல. தங்கம் எடுப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்து, சயனைட் கலந்து பிரித்த பிறகு கொட்டிய கழிவு. அப்படிக் கொட்டியது 3 கோடி டன்னுக்கும் மேல் கிடக்கிறது. அந்தத் தூள் மிகவும் நைசானது. நனைந்தால் களி போலப் பிடிக்கும். காய்ந்தால் கட்டி தட்டும். வேருக்குக் காற்றும் கிடைக்காது. செடிக்கு ஆகாத உப்புகளும் அதில் உண்டு. குழந்தைகள் கை வைத்து விளையாடும் தொட்டியில் அதைப் போடவே வேண்டாம். காற்றில் பறந்து வருவதே போதும்.

பெருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. கள்ளிக்கு இந்தக் கலவை போதும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம் சாண்ட் வாங்குங்கள். அதைச் சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள். செங்கல்லை உடைத்த சிறு துண்டுகளும் நல்லவை. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். டப்பா என்றால் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வையுங்கள்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் அடி வரை குத்தி எடுங்கள். குச்சியில் ஈர மண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியே வழியும் வரை நன்றாக ஊற்றுங்கள். பிறகு மறந்துவிடுங்கள். கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். மார்கழிக் குளிரில் மாதம் ஒரு முறை போதும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மழைக் காலம். அப்போது தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் தண்ணீர் ஊற்றட்டும். ஊற்றிய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கக் கற்றதற்கு அது ஒரு பயன்தானே!

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டியின் விளிம்பில் வெள்ளை படியும். அந்த உப்பாலும் செடி மெல்ல மெல்ல வெளுக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மண்ணை மாற்றலாம்.

எல்லா மஞ்சளும் தண்ணீரால் வருவது இல்லை. வெயில் படுகிற பக்கம் மட்டும் மஞ்சளாகவோ வெளுத்தோ இருக்கிறதா? அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? அது வெயில் சுட்ட புண். வீட்டுக்குள் இருந்த செடியைத் திடீரென்று மதிய வெயிலில் வைத்தால் இப்படி ஆகும். காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். வடு மறையாது. புதிய வளர்ச்சி பச்சையாக வரும். செடி முழுவதும் வெளிறி, நுனி மட்டும் ஒல்லியாக நீளுகிறதா? அதற்கு வெளிச்சம் போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். பல வருடச் செடியின் அடி பழுப்பாகி மரம் போல இறுகினால் பயப்பட வேண்டாம். அது வயதுதான்.

தோலில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகளும், மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்திப் பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. செடி மீது வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, காய விடுங்கள். பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப் பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, மாலை நேரத்தில் துடைத்து எடுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

சப்பாத்திக்கள்ளியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் சில சமயம் ரத்தம் போலச் சிவப்பு வரும். அது வேறு பூச்சி. அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் சிவப்புச் சாயம் எடுக்க இப்படி ஒரு பூச்சியை அமெரிக்காவில் வளர்த்தார்கள். சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். 1795ஆம் ஆண்டு நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலில் இருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது வேறு வகைப் பூச்சி. நல்ல சாயம் தரவில்லை. ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது! பின்னாளில் சப்பாத்திக்கள்ளி தென்னிந்திய நிலங்களை மூடி உழவரைத் துரத்தியது. 1926ஆம் ஆண்டு இலங்கையில் இருந்து இந்தப் பூச்சியின் இன்னொரு வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளி அடங்கியது. காட்டில் நன்மை செய்த பூச்சி தொட்டியில் தொல்லைதான். அதையும் ஸ்பிரிட் வைத்துத் துடையுங்கள்.

வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். கீறினால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். அவற்றுக்கும் தண்ணீர்க் கணக்கு இதேதான். ஆனால் அழுகலை வெட்டும்போது குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பச்சைத் தண்டின் மேல் மஞ்சளாக அல்லது சிவப்பாக உருண்டை வைத்த கள்ளியும் இப்போது நர்சரிகளில் விற்கிறது. அந்த மஞ்சள் நோய் அல்ல. அது பிறவி நிறம். அந்த உருண்டையால் தானாகச் சோறு சமைக்க முடியாது. அதனால் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் மேல் உருண்டையைப் பார்க்காதீர்கள். கீழே உள்ள பச்சைத் தண்டு பச்சையாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.