விளையாட்டாக எழுதியது வினையாகப் படிக்கப்படுவது ஏன்?

வாட்ஸ்அப்பில் நீங்கள் பரிகாசமாக அனுப்பிய ஒரு வரி, மறுமுனையிலுள்ள சிநேகிதருக்குக் குத்தலாகப் பட்டு, அரைநாள் மனஸ்தாபத்தில் போய் முடிவது எதனால் என்று யோசித்ததுண்டா?

மேஜைமீது விரலால் தட்டி, என்ன பாட்டென்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். தட்டுகிற உங்கள் மனத்திலோ ராகமும் சாகித்தியமும் முழங்குகின்றன. அவர் செவியில் விழுவது வெறும் டொக் டொக். 1990இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் மனோதத்துவ ஆராய்ச்சி மாணவி எலிசபெத் நியூட்டன் இதையே பரிசோதித்தபோது, பாதிக்குப் பாதியாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்திருக்க, 120 பாட்டுகளில் கேட்டவர்கள் கண்டுபிடித்தவை 3தான்!

எழுதும்போது நமக்குள் கேட்கும் குரலின் குழைவும் அப்படியே நம்மிடமே தங்கிவிட, படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தம் அப்போதைய மனோபாவத்தால் நிரப்பிக்கொள்கிறார். 1982இல் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் நிறுத்தற்குறிகளால் சிரிப்பு முகம் அமைக்கச் சொன்னது இக்குறைக்குப் பரிகாரமாகத்தான். (அதையும் ஏளனமாகக் கொள்வோர் உண்டு!) சந்தேகம் தட்டினால், தயவுசெய்து போனில் பேசிவிடுங்கள்.