தமயந்திக்கே தடை
கதகளியில் கதாநாயகிகள் உண்டு. நடிக்கப் பெண்களுக்கு இடம் கிடைக்கத்தான் பல தலைமுறைகள் பிடித்தன.

கொல்லம் மாவட்டம் சவரா. அங்குள்ள கொற்றங்குளங்கரை தேவி கோயிலில் மார்ச் மாதத் திருவிழாவின்போது ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி, பூச்சூடி, கையில் விளக்கோடு வரிசையாக நிற்பார்கள். வேண்டுதல். யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் இதே ஊரில் 1943இல் பிறந்த பாருக்குட்டி, பதின்வயதில் கதகளி வேஷம் கட்டக் கிளம்பியது வேறு விஷயம். அதற்கு வழக்கமும் இல்லை, வேண்டுதலும் இல்லை.

ஆண் பெண்ணாக ஆடுவது கதகளியில் அதிசயமே அல்ல. கொட்டாரக்கரைத் தம்புரானின் ராமனாட்டத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்த இக்கலையில் தமயந்தி முதல் பூதனைவரை ஆண்களின் வேஷங்கள்தான். 2010இல் மறைந்த கோட்டக்கல் சிவராமன் பெண் வேஷத்துக்கென்றே கொண்டாடப்பட்டவர். இத்தனைக்கும் இதே கேரளத்தின் கூடியாட்டத்தில், கதகளிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே, பெண் பாத்திரங்களை நங்கியார் பெண்கள்தான் ஏற்றுவந்தார்கள். ஆகவே மலையாள மண்ணுக்குப் பெண் நடிகை ஒவ்வாது என்ற வாதம் எடுபடாது.

பிறகு என்ன தடை? சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது உழிச்சில். எண்ணெய் தேய்த்துப் படுத்திருக்கும் மாணவனின் உடலை ஆசான் காலால் மிதித்து வளைக்கும் மழைக்காலப் பயிற்சி இது. உடம்பு கதகளிக்கு இணங்குவது இதனால்தான் என்பார்கள். ஓர் ஆண் ஆசான் பெண்பிள்ளையை எப்படி மிதிப்பது? அடுத்து உடுப்பின் கனம், விடிய விடிய ஆட்டம், அணியறை என்ற ஒப்பனை அறையில் ஆண்களோடு மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்து முகத்தில் சுட்டி வைத்துக்கொள்வது. இவற்றில் எதுவும் அற்பமான சிக்கல் இல்லை. ஆனால் தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை என்பதற்குச் சான்றுகள் பழையவை. மங்களூரைச் சேர்ந்த சாந்தா ராவ் பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனனிடமே கதகளி கற்றார். பிரான்சிலிருந்து வந்த மிலேனா சால்வினி 1960களில் கேரள கலாமண்டலத்தில் பயின்று, பின்னர் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு விதிவிலக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விதி.

பாருக்குட்டி விதிவிலக்குக்குக் காத்திருக்கவில்லை. மாங்குளம் விஷ்ணு நம்பூதிரி போன்ற ஆசான்களிடம் பயின்று, ஆண்களின் குழுக்களோடு ஊர் ஊராகப் போய் இரவெல்லாம் ஆடினார். 2019இல் மறையும்வரை ஐம்பதாண்டுகளுக்கு மேல் நீண்ட கலை வாழ்க்கை. ஆனால் அவர் அதிகம் ஏற்றவை பெண் வேஷங்களே. கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. நளன், பீமன், ராவணன் ஆகியவைதான் ஒரு நடிகரின் தகுதியையும் அந்தஸ்தையும் நிர்ணயிக்கும் வேஷங்கள். ஆண்கள் நிறைந்த குழுவுக்குள் நுழையும் பெண்ணுக்கு அவை எளிதில் வருவதில்லை.

எர்ணாகுளம் அருகே திருப்பூணித்துறையில் 1975இல் தொடங்கிய பெண்கள் குழு இதற்கு வேறு வழி கண்டது. குழு முழுவதும் பெண்கள் என்பதால் பச்சை, கத்தி, தாடி என எல்லா வேஷங்களையும் அவர்களே கட்டியாக வேண்டும். தனியாக ஒதுங்கியதால் கிடைத்த சுதந்திரம் என்று இதைச் சொல்லலாம். மத்திய அரசு இந்தக் குழுவுக்கு 2016ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருதை வழங்கியது.

வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கலாமண்டலம் தன் முறையான கதகளி வகுப்பில் மாணவிகளைச் சேர்த்தது 2021இல்தான். கணக்கிட்டால் 91 ஆண்டுகள். தடை ஒருபக்கமாக மட்டும் இருக்கவில்லை. அங்கே மோகினியாட்டம் பெண்களுக்கு மட்டுமே என்றிருந்தது. ஆண்கள் ஆடலாமா என்று 2024 மார்ச்சில் பெரிய சர்ச்சை வெடித்த பிறகே மாணவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. பெண்ணாக வேஷமிட்டு விடியும்வரை ஆடும் ஆண்களை உருவாக்கிய அதே வளாகத்தில்!

சான்றிதழ் தருவது கலாமண்டலம். ஆனால் ஆட்டத்துக்கு அழைப்பது கோயில் திருவிழாக் கமிட்டி. இந்த வேஷத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லி அழைப்பதுதான் அங்கே வழக்கம். எட்டாம் வகுப்பில் சேர்ந்த மாணவி பல வருடப் பயிற்சி முடித்து வெளியே வரும்போது, பீமனுக்கு அவளை அழைப்பார்களா, பாஞ்சாலிக்கா?