துணுக்கிலிருந்து ஒரு பெயர்

2009 ஜனவரி 15. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானம், மேலேறிய சில நிமிடங்களிலேயே பறவைக் கூட்டம் ஒன்றில் மோதியது. இரண்டு என்ஜின்களும் செயலிழந்தன. விமானி ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். அதில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

மோதியது என்ன பறவை என்பது அடுத்த கேள்வி. என்ஜினுக்குள் பறவை என்று அடையாளம் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. கிடைத்தவை இறகுத் துணுக்குகளும் தசைப் பிசிறுகளும்தான். அவை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இறகு ஆய்வகத்துக்குப் போயின. இறகின் நுண்ணமைப்பும் தசையின் டி.என்.ஏ.வும் ஒரே விடையைத் தந்தன: கனடா வாத்து. இடது என்ஜினில் ஆண், பெண் இரண்டின் டி.என்.ஏ.வும் இருந்ததால், அதற்குள் குறைந்தது இரண்டு பறவைகள் போயிருக்கின்றன என்பதும் தெரிந்தது. இறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்பு அளவு, அவை நகரத்திலேயே தங்கிவிட்ட வாத்துகள் அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்று காட்டியது. அப்படியானால் விமான நிலையத்தைச் சுற்றி வாழும் வாத்துகளை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை. வலசைப் பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சரியான பெயர் தெரிந்த பிறகுதான் சரியான நடவடிக்கையை யோசிக்க முடிந்தது.

ஓர் உயிரினத்தை அதன் உருவத்தைப் பார்த்தே அடையாளம் காண்கிறோம். பூ, இலை, கொம்பு, செதில், இறக்கை எல்லாம் முழுதாக இருக்கும்வரை இந்த முறைக்குக் குறையில்லை. வெட்டிக் காயவைத்த சுறாத் துடுப்பு, இடித்துத் தூளாக்கிய வேர், சமைத்த இறைச்சி, மீனின் முட்டை, பூச்சியின் புழு என்று வரும்போதுதான் தடுமாற்றம். அந்த இடத்தில் கைகொடுக்க வந்ததே டி.என்.ஏ. பார்கோடு முறை.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003ல் இதை முன்மொழிந்தார்கள். கடைச் சரக்கின் மேல் அச்சிட்ட கோடுகளைப் படித்துக் கருவி பெயர் சொல்வதுபோல, எல்லா விலங்குகளிலும் ஒரே மரபணுவின் ஒரே பகுதியைப் படித்துச் சிற்றினத்தின் பெயரைச் சொல்லலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மைட்டோகாண்டிரியாவில் உள்ள சி.ஓ.1 என்ற மரபணு. அதில் 648 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு போதும். எழுத்துகள் என்றால் டி.என்.ஏ.வின் நான்கு அடிப்படை மூலக்கூறுகள்: ஏ, டி, ஜி, சி.

இந்த மரபணுவைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. செல் சுவாசத்துக்குத் தேவையான புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணு இது. அதனால் ஈயிலிருந்து யானை வரை ஏறத்தாழ எல்லா விலங்குகளிலும் இருக்கிறது. ஒரு செல்லில் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பிரதிகளாக இருப்பதால், பழைய மாதிரியிலும் சிதைந்த மாதிரியிலும் கொஞ்சமாவது மிஞ்சும். துண்டின் இரு ஓரங்களும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே ஒரே வேதிப்பொருளைக் கொண்டு பல வகை விலங்குகளில் அதைப் பிடித்துவிடலாம். நடுப்பகுதியோ சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகிறது. மனிதர்களுக்குள் இந்தத் துண்டில் ஓரிரண்டு எழுத்துகள்தான் வேறுபடும். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே சுமார் 60 எழுத்துகள் வேறுபடுகின்றன. இனத்துக்குள் சிறிய வேறுபாடு, இனங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு. இந்த இடைவெளியை நம்பித்தான் முறை முழுவதும் நிற்கிறது.

ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கிறது? மீன் துண்டு ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசி அளவு சதையை வெட்டிச் சிறு குழாயில் போடுகிறார்கள். புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சேர்த்து 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால், சில மணி நேரத்தில் சதை கரைந்துவிடும். அதிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரித்துக் கழுவி எடுக்கிறார்கள். பிறகு பி.சி.ஆர். கருவி. சுமார் 94 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். 50 டிகிரி அளவுக்குக் குளிரும்போது, தேவையான துண்டின் இரு ஓரங்களிலும் ‘பிரைமர்’ என்னும் சிறு இழைகள் ஒட்டிக்கொள்ளும். 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் துண்டின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. கணக்குப்படி, ஒரே ஒரு துண்டு 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும்.

அடுத்தது எழுத்துகளைப் படிப்பது. நான்கு எழுத்துகளுக்கும் நான்கு சாயங்கள். கணினித் திரையில் பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு நிறங்களில் மலைமுகடுகள்போல ஒரு வரைபடம் ஓடும். ஒரு முகடு என்றால் ஓர் எழுத்து. முகடுகள் தனித்தனியாக, கூர்மையாக நின்றால் படிப்பு நம்பகமானது. ஒரே இடத்தில் இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், மாதிரியில் வேறொரு உயிரின் டி.என்.ஏ. கலந்திருக்கலாம். அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் நிறுத்தி, மாதிரியை மறுபடி சோதிப்பார். தெளிவாகப் படித்த வரிசையை ‘போல்ட்’ போன்ற உலகத் தரவுத்தளத்தில் இட்டால், எந்தச் சிற்றினத்தோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்ற பட்டியல் வரும்.

புதிய முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு வண்ணத்துப்பூச்சி. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே காட்டுப் பகுதியில் உயிரியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்சும் பல ஆண்டுகளாகப் புழுக்களைச் சேகரித்து வளர்த்துவந்தார்கள். அவற்றில் அஸ்ட்ராப்டஸ் ஃபுல்கெரேட்டர் என்ற ஒரே சிற்றினம் என்று கருதப்பட்டதில், புழுக்கள் நிறத்தில் வேறுபட்டன, தின்ற செடிகளும் வேறு வேறாக இருந்தன. இறக்கை முளைத்து வெளிவந்த பூச்சிகளோ கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. ஹெபர்ட்டுடன் சேர்ந்து பார்கோடைப் படித்துப் பார்த்து, இது ஒன்றல்ல, பத்துச் சிற்றினங்கள் என்று 2004ல் அறிவித்தார்கள். அந்தப் பத்து என்ற எண்ணிக்கையைக் கேள்வி கேட்டு 2006ல் மறு ஆய்வும் வந்தது. ஆனால் ஒரு பாடம் நிலைத்தது. பார்கோடு தனியாக அந்தப் புதிரை அவிழ்க்கவில்லை. எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்று பொறுமையாகக் குறித்து வைத்த பதிவேடு பக்கத்தில் இருந்ததால்தான் எழுத்து வேறுபாட்டுக்குப் பொருள் கிடைத்தது.

செடிகளுக்கு சி.ஓ.1 உதவாது. தாவரங்களின் மைட்டோகாண்டிரியா மரபணுக்கள் மிக மெதுவாகவே மாறுகின்றன; உறவுச் செடிகளுக்குள் வேறுபாடு தெரியாது. அதனால் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கலாம் என்று 2009ல் ஒரு பன்னாட்டுக் குழு பரிந்துரைத்தது. அந்த ஆய்வில் இரண்டும் சேர்ந்து 72 விழுக்காடு சிற்றினங்களைத்தான் பிரித்துக் காட்டின. மீதிக்கு நெருங்கிய உறவுக் குழு வரையே விடை கிடைத்தது. அதனால் இன்று வேறு சில டி.என்.ஏ. பகுதிகளையும் துணைக்குச் சேர்க்கிறார்கள். காளான்களுக்கு ஐ.டி.எஸ். என்னும் பகுதி.

மூலிகைச் சந்தையில் இந்த முறைக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆயுர்வேதத்தில் ‘பலா’ என்று வழங்கும் மூலிகை, சைடா கார்டிஃபோலியா என்ற செடி. காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தப் பெயரில் விற்ற காய்ந்த சரக்குகளை வாங்கிப் பார்கோடு வழியாகச் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்த மாதிரிகளில் ஒன்றுகூடக் கார்டிஃபோலியா இல்லை. பெரும்பாலானவை அதே பேரினத்தின் வேறு சிற்றினங்கள். சில வேறு பேரினத்தையே சேர்ந்தவை. இதில் வேண்டுமென்றே செய்த கலப்படம் எவ்வளவு, தெரியாமல் நேர்ந்தது எவ்வளவு என்று டி.என்.ஏ. சொல்லாது. ஒரே தோற்றம் கொண்ட செடிகள் ஒரே தரிசில் வளரும்போது, பறிப்பவர் கையில் எது வருகிறதோ அது மூட்டைக்குப் போகிறது. மருந்து சாப்பிடும் நோயாளிக்கோ இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்: எழுதிக் கொடுத்த செடி அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறையை நம்புகிறவர்கள் அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். தூளில் இருக்கும் செடி எது என்று பார்கோடு சொல்லும். அது வேரா இலையா, எவ்வளவு இருக்கிறது, மருந்துச் சத்து உண்டா என்று சொல்லாது. நெடுநேரம் கொதித்த கஷாயத்திலும் எண்ணெயிலும் டி.என்.ஏ. சிதைந்துபோவதால் பல நேரம் விடையே வராது. மைட்டோகாண்டிரியா தாய்வழியாக மட்டுமே வருவதால் கலப்பினம் இந்த முறையின் கண்ணில் படாது. கோவேறு கழுதையின் ரத்தத்தைக் கொடுத்தால் ‘குதிரை’ என்றே விடை வரும். காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஒரே சிற்றினம் என்பதால், பிடிபட்ட இறைச்சி எந்தப் பன்றியுடையது என்று பிரித்துச் சொல்ல இந்தத் துண்டு போதாது. வேறு மரபணுக் குறிகள் தேவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் இல்லாத உயிருக்குப் பார்கோடு பெயர் சொல்லாது. அங்கே தவறான பெயரோடு ஏறிய வரிசை, தன்னோடு ஒத்துப்போகும் ஒவ்வொரு மாதிரிக்கும் அதே தவறான பெயரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால், யாரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய சான்று மாதிரி ஒன்று பத்திரமாக இருக்க வேண்டும். செடியானால் அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் சேகரித்தவர் பெயரும் எழுதி ஒட்டிய தாள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் அப்படிப்பட்ட தாள்களைக் காத்துவரும் இடம். தென்னிந்தியச் செடி ஒன்றின் பார்கோடு சரியா என்று சந்தேகம் வந்தால், தீர்ப்புச் சொல்ல வேண்டியது இத்தகைய தாள்களும், அவற்றைப் படிக்கத் தெரிந்த வகைப்பாட்டியலாளர்களும்தான்.

அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை. மரபணுவைப் படிக்கும் கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். புல்லின் கதிரைப் பிரித்து இது இன்னது என்று சொல்லும் கண்ணைப் பல ஆண்டுப் பயிற்சிதான் தரும். பூமியில் சுமார் 87 லட்சம் சிற்றினங்கள் இருக்கலாம் என்று 2011ல் வெளியான ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதிக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. ஆகவே பார்கோடு ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போது, களத்துக்குப் போய்ச் சேகரிப்பவருக்கும், மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதில் பங்கு ஒதுக்க வேண்டும். ஒரு செடியின் மரபணுவைப் படிக்கும் கல்லூரி மாணவர், அந்தச் செடியை முறையாக அழுத்தி ஒட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் ஏறும் ஒவ்வொரு பெயரையும் முதலில் ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் சரியாக இருந்தால்தான், நாளை ஒரு துணுக்கை வைத்துக் கருவி சொல்லும் பெயரும் சரியாக இருக்கும்.